ஆறு மாதம் தின்ற மாத்திரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தம்பிக்கு இரண்டு மாதமாக வறட்டு இருமல், டிபி மருந்து தொடங்கப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். டிபியாகவே இருக்கலாம். ஆனாலும் என் கதையைக் கேட்டுக்கொள்.

போன வருஷம் எனக்கும் இதே இருமல்தான். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். உடம்பு இளைத்தது. ஸ்கேனில் நெஞ்சுக்குள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நெறிக்கட்டி. நம் ஊரில் இதைப் பார்த்த டாக்டருக்கு டிபி நினைவு வந்ததில் தப்பில்லை. ஆனால் சளியில் கிருமி இல்லை, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனையிலும் இல்லை. நோய் இல்லாத எத்தனையோ பேருக்கே டிபி பார்க்கத் தோலில் போடும் மாண்டூ ஊசி போட்ட இடம் தடிக்கும். எனக்குத் துளிகூடத் தடிக்கவில்லை. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆறு மாதம் மாத்திரை தின்று, சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதுதான் மிச்சம்.

அப்புறம் கண் சிவந்து மங்கியது. கண்ணாடி மாற்றலாம் என்று போனால், அந்தக் கண் டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, "இருமல் உண்டா?" என்றார். அதுவரை நெஞ்சு பார்த்த ஒருவரும் என் கண்ணைப் பற்றிக் கேட்டதில்லை!

சார்காய்டோசிஸ். உடம்பின் எதிர்ப்பு சக்தியே நுரையீரல், கண், தோல் என்று பல இடங்களில் முடிச்சுகளை உண்டாக்கும் நோய். பேரைச் சொல்லிப் பழகவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. மூச்சுக்குழாய்க்குள் டியூப் விட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி நெறிக்கட்டியில் ஊசியால் சதை எடுத்தார்கள். டிபியிலும் இதிலும் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியுமாம். டிபி முடிச்சின் நடுவே பெரும்பாலும் சதை செத்துப் போயிருக்கும். என்னுடையதில் அது இல்லை, கல்ச்சரிலும் கிருமி வளரவில்லை. இது தொற்றும் நோயில்லை. நான்தான் ஆறு மாதமாகப் பேத்தியைத் தூக்காமல் இருந்தேன்.

இப்போது ஸ்டீராய்டு மாத்திரை. இருமல் அடங்கிவிட்டது, முகம்தான் பூசணிக்காய் மாதிரி. டிபி இருக்கும்போது இதைத் தனியாகக் கொடுத்தால் நோய் முற்றிவிடும் என்று, சதைப் பரிசோதனை ரிப்போர்ட் வரும்வரை டாக்டர் தொடங்கவே இல்லை. இந்த நோய் இதயத்தையும் பிடிக்கலாம் என்று ஈசிஜி எடுத்தார். ரத்தத்தில் கால்சியம் ஏறுமாம், அதனால் கால்சியம், வைட்டமின் டி மாத்திரை எதுவும் கேட்காமல் போடக் கூடாது.

தம்பிக்குச் சளியில் கிருமி வந்துவிட்டதென்றால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, மருந்தை ஒருநாள் விடாமல் சாப்பிடச் சொல். வரவில்லை என்றால், கண் உறுத்துகிறதா, தோலில் தடிப்பு ஏதாவது உண்டா என்று கேட்டு எழுது.

உன்
பழைய பெஞ்சுக்காரன்