பைலைத் திருப்பி அனுப்பியவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

எங்கள் வாசிகசாலை டிசைன் வகுப்பு மாணவி இப்போது ஒரு வேலையைக் கையில் எடுத்ததும் கேட்பது "எந்தப் பேப்பர், எத்தனை கலர், எத்தனை கொப்பி?" என்பதைத்தான். முன்பெல்லாம் "நல்லா இருக்கா சேர்?" என்பதோடு கேள்வி முடிந்துவிடும். மென்பொருளைப் பழக்கியது நாங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழக்கியவர்கள் நீங்கள். அதற்காகவே இந்த மடல்.

முதல் வணக்கம் ஹட்டன் நகரத்து அச்சக அண்ணன்மாருக்கு. மாணவி அனுப்பிய குறையுள்ள பைலை நீங்களே திருத்தி அடித்திருந்தால் உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. அப்படிச் செய்யாமல் காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள். ஏ5 நோட்டீஸ் 148 x 210 மில்லிமீட்டர்தான். ஆனால் பின்னணி நிறம் ஓரம் வரை போவதென்றால் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூட்டி 154 x 216 ஆகப் பைல் வரவேண்டும். கட்டாக அடுக்கி வெட்டும்போது தாள் இம்மியளவு நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். அதே காரணத்தால் எழுத்து எதுவும் வெட்டுக்கோட்டுக்கு 5 மில்லிமீட்டருக்குள் நெருங்கக்கூடாது. வெட்டிய கட்டின் ஓரத்தை விரலால் விரித்துக் காட்டினீர்களே, அதன் பிறகு மாணவி இந்த அளவுகளைத் தவறவிட்டதே இல்லை.

மெஷின் ஓட்டும் அண்ணனுக்குத் தனியாக ஒரு நன்றி. மலைநாட்டு மழை மாதத்தில் அச்சு ஏன் பிசகுகிறது என்பது கொழும்பில் படித்தவர்களுக்கும் எளிதில் பிடிபடாத விஷயம். இரண்டு கலர் மெஷினில் நான்கு கலர் வேலை இரண்டு தடவை ஓடவேண்டும். இடையில் தாள் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது, அதுவும் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே கூடுதலாக. இரண்டாம் ஓட்டத்தின் கலர் முதல் ஓட்டத்தின் மேல் சரியாக உட்காராது. பேப்பர் கட்டை மெஷின் அறைக்குள் உறை பிரிக்காமல் வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பிரிப்பது உங்கள் பக்கத்து வைத்தியம். டிசைன் பக்கத்து வைத்தியத்தையும் லூப்பை (அச்சைப் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை) மாணவியின் கையில் கொடுத்துப் புரியவைத்தீர்கள். நான்கு கலரும் கலந்த கறுப்பில் சின்ன எழுத்துப் போட்டால் 'ஞ', 'ஐ' போன்றவற்றின் உள்வளைவுகள் அடைபட்டு, ஓரத்தில் சிவப்பும் நீலமும் நிழலாய் எட்டிப் பார்க்கும். ஆகவே வாசகம் முழுக்க 100 சதவீதக் கறுப்பு மட்டும். நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தென்றால் அதன் அளவு 9 புள்ளிக்குக் (பொயின்ட்) கீழே இறங்குவதில்லை.

தேயிலைப் பச்சையையும் இங்கேயே சொல்லிவிடலாம். திரையில் பளிச்சென்று ஒளிரும் பச்சை தாளில் வராது. சயன் (வெளிர்நீல மை) 75 சதவீதம், மஞ்சள் 100 சதவீதம் வைத்தால் ஓரளவு துலங்கும். அதில் மெஜன்டா (செவ்வூதா மை) 20 சதவீதம் கலந்துவிட்டாலே முற்றல் இலை மாதிரிப் பழுப்பாகும். மாதிரித் தாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்துக் காட்டினீர்கள். அதற்குப் பணம் வாங்கவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும்.

கோயில் பரிபாலன சபையாருக்கு நன்றி சொல்வதில் கொஞ்சம் குறும்பும் கலந்திருக்கிறது. உங்கள் திருவிழா நோட்டீஸைவிடக் கடினமான பயிற்சியை எங்களால் கொடுத்திருக்க முடியாது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய வாசகத்தை யூனிகோடுக்கு மாற்றும்போது 'வெள்ளிக்கிழமை' என்பது 'வௌ்ளிக்கிழமை' ஆகிவிடும், 'வெளியீடு' 'வௌியீடு' ஆகிவிடும். பாமினியில் ஔகாரத்துக்கெனத் தனிக்குறி இல்லை. கொம்பும் ளகரமும் சேர்ந்துதான் அந்த வடிவம். மாற்றும் கருவிக்கு 'பௌர்ணமி' எது, 'வெள்ளி' எது என்று பிரித்தறியத் தெரியாது. கண்ணுக்குச் சரியானதும் பிழையானதும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிவதால் பிழை தப்பிப் போய்விடும். ஔகாரக் குறியைத் தேடல் பெட்டியில் போட்டு, விழும் ஒவ்வொரு இடத்தையும் பார்ப்பதுதான் வழி. அதை இப்போது மாணவி யாரும் சொல்லாமலே செய்கிறார்.

அதைவிடப் பெரிய முன்னேற்றம், உங்களிடம் "முடியாது" என்று சொல்லப் பழகியது. தலைவர், செயலாளர், பொருளாளர், உபயகாரர் என்று எல்லாப் பெயரும் முன்பக்கத்திலேயே வரவேண்டும் என்றீர்கள். எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்கினால் நிமிர்ந்த கோடுகள் மெலிந்து படுத்த கோடுகள் தடித்து நிற்கும்; வரி இடைவெளியைக் குறைத்தால் மேல்வரியின் 'மூ' கீழ்வரியின் 'கீ'யோடு மோதும். ஆங்கிலத்துக்கு 12 புள்ளி எழுத்துக்கு 14.4 இடைவெளி போதும், தமிழுக்கு 17 அல்லது 18 வேண்டும். இதை அவரே சபையில் எடுத்துச் சொல்லி, பெயர்ப் பட்டியலைப் பின்பக்கத்துக்கு மாற்றச் சம்மதம் வாங்கினார். கேட்டுக்கொண்ட பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம்.

சிங்களம் பார்த்துக் கொடுத்த டீச்சருக்கு: மும்மொழிப் பதாகையில் 'ஸ்ரீ' என்ற சிங்களக் கூட்டெழுத்து இரண்டாகப் பிரிந்து கிடந்ததை நீங்கள்தான் பிடித்தீர்கள். நடுவிலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி, நகலெடுத்து ஒட்டும்போது சில மென்பொருள்களில் உதிர்ந்துவிடுகிறது. சிங்களம் வாசிக்கத் தெரியாதவர் கண்ணில் இது படவே படாது. இப்போது அச்சுக்குப் போகுமுன் சிங்களப் பகுதி உங்களிடம் தாளில் வருவது அதனால்தான். தொந்தரவு என்று நினைக்கவேண்டாம்.

பழைய கணினிகளைத் தந்த நண்பர்களுக்கு: 4 ஜீபி ரேம் உள்ள அந்த மெஷின்களில் இன்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருள் தடங்கலின்றி ஓடுகிறது. அதில் வரைந்து, ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அச்சு நிறத்துக்கு மாற்றிப் பீடிஎஃப் எடுக்கிறார்கள். ஸ்கிரைபஸ் 1.4 இல் தமிழ் உடைந்தது, 1.6 போட்ட பிறகு கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நிற்கின்றன. கூடவே தந்த யூபிஎஸ் பெட்டிக்கு இரட்டை நன்றி, மழைக்கு லைட் போகும் ஊர் இது.

பிள்ளைகளைச் சனி, ஞாயிறில் அனுப்பிவைத்த தோட்டத்துப் பெற்றோருக்கும் எங்கள் நன்றி. கொழுந்து எடுத்துவிட்டு வந்து லயத்து வீட்டு வேலைகளைத் தாங்களே பார்த்துக்கொண்டு பிள்ளையைக் கணினி முன் விட்டவர்கள் நீங்கள்.

இனி ஒரு விண்ணப்பம். தைப்பொங்கல் கலண்டர் வேலையை மாணவி ஏற்றிருக்கிறார், விலையும் அவரே சொல்லியிருக்கிறார், குறைத்துக் கேட்காதீர்கள். சுவாமி படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும், அச்சுக்கான 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) கணக்கில் அது பதின்மூன்றரை சென்டிமீட்டருக்குத்தான் காணும். தயவுசெய்து 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்புங்கள். திருத்தங்களை ஆளுக்கொரு குரல் பதிவாக இல்லாமல், அச்செடுத்த தாளிலேயே சிவப்புப் பேனையால் குறித்து, சபை சார்பில் ஒருவர் கையொப்பமிட்டுக் கொடுங்கள். எழுத்துகளைக் கோடுகளாக (தட்டித் திருத்தமுடியாத வடிவங்களாக) மாற்றி அச்சகத்துக்கு அனுப்பியபின் ஒரு புள்ளியைக்கூடச் சேர்க்க இயலாது.

நன்றியுடன்,
வாசிகசாலை டிசைன் வகுப்புப் பயிற்றுநர்கள்,
ஹட்டன்