தேதி போட்ட ஒரு ரசீது கொடுங்கள்

சேர்வராயன் மலையில் நூறு நாள் வேலையைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். தை மாதத்தோடு காப்பிப் பழம் பறிப்பு ஓய்ந்துவிடும். அப்புறம் மிளகு பறிக்க, நிழல் மரம் கழிக்க என்று எஸ்டேட்டில் சிலரைத்தான் கூப்பிடுவார்கள். மற்றவர்களுக்கு நூறு நாள் வேலைதான் கதி.

2025 பிப்ரவரியில் என் சித்தியோடு ஊராட்சி அலுவலகம் போனேன். காப்பிப் பழக் கறை போகாத விரல்களால், மஞ்சள் பைக்குள்ளிருந்து வேலை அட்டையை எடுத்து நீட்டினார். அங்கிருந்தவர் ஒரு துண்டுத் தாளில் பெயரை எழுதி, மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். "வேலை வந்தா சொல்லி அனுப்புறோம்மா." பேச்சில் ஒரு குறையும் இல்லை. வேலை கேட்டதற்கு ஒரு ரசீது கேட்டதும், "அதெல்லாம் இங்க குடுக்கிறதில்ல" என்றார். சித்திரை பிறந்த பிறகுதான் வேலை வந்தது.

அப்போது நடப்பில் இருந்த 2005-ஆம் ஆண்டு நூறு நாள் வேலைச் சட்டப்படி, கேட்ட 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தரவேண்டும். முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்காவது, அதன்பின் பாதியாவது. அன்றைக்குத் தமிழ்நாட்டுக் கூலி நாளுக்கு 319 ரூபாய். கால் பங்கு என்றால் 80 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. ரேஷன் அரிசி இருக்கிற வீட்டில் பருப்புக்கும் எண்ணெய்க்கும் அது பெரிய ஆறுதல். ஆனால் அந்த 15 நாளை எங்கிருந்து எண்ணுவது? துண்டுத் தாளில் தேதியே இல்லை. தேதியிட்ட ரசீது தரவேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருந்தது.

அப்போது கூலிப் பணம் மத்திய அரசிடமிருந்து வந்தது, இந்தப் படியை மாநில அரசு தரவேண்டியிருந்தது. ரசீது எழுதக் கை தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாடு கொஞ்சமில்லை. நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கு 1877-இல் நாள் கூலியை ஒரு பவுண்டு தானியம், கொஞ்சம் காசு என்று குறைத்தார்கள். கொடுத்ததை வாங்கிக்கொள்வதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை. சித்திக்குச் சட்டம் இருந்தது. இருந்தும் அவரும் சொல்லி அனுப்பும்வரை காத்துக்கிடந்தார்.

கணினியில் ஏற்றச் சிக்னல் இல்லை என்பீர்கள். சரி, கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகம் போதும். அடுத்த பறிப்பு முடிவதற்குள் அது ஒவ்வொரு ஊராட்சி மேசையிலும் இருக்கவேண்டும். கேட்கிறவர் கையில் ஒரு நகல், உங்களிடம் ஒரு நகல்.

இப்படிக்கு,
ஏற்காடு மலையிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளி வீட்டுப் பெண்