பனி விலகிய ஏரிக்குப் போகுமுன்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே மினசோட்டாவின் மின்னடோங்கா ஏரியில் உறைந்திருந்த பனி முழுவதும் விலகிவிட்டது. நேற்றுப் பிற்பகல் ஸ்டப்ஸ் பே குடாவின் கரையில் கிராப்பி மீன் கடிக்கத் தொடங்கியிருந்தது. வடக்கே உங்கள் பெமிட்ஜியில் ஏப்ரல் கடைசி வரை பனி நிற்பதே வழக்கம் என்பதால், நீ ஏரியில் இறங்குமுன் இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்துவிடும் என நம்புகிறேன்.

சென்ற அக்டோபரில் நீ அத்தைக்கு அனுப்பிய படத்தை அவள் எனக்குக் காட்டினாள். அந்தத் துடுப்புப் படகை, கயாக்கை, நல்லதாகத்தான் வாங்கியிருக்கிறாய். ஆனால் லைஃப் ஜாக்கெட் உன் உடம்பில் இல்லை; பின்னால் கயிற்றுக்கு அடியில் மடிந்து கிடந்தது. முன்னிருக்கையில் மீன் பெட்டி இருந்தது. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை.

பனி விலகிய முதல் வாரங்களில் கிராப்பியைத் தேடி நடு ஏரிக்குப் போக வேண்டிய தேவையே இல்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஏரியின் வடகரையில், தெற்கு வெயில் நேராக விழுந்து வடகாற்று படாமல் இருக்கும் ஆழமற்ற குடாக்களில், அடியில் கரிய சேறு இருந்தால் அது வெயிலை உள்வாங்கி, மற்ற இடங்களைவிட அங்கே தண்ணீரை முன்னதாகவே சில டிகிரி கூடுதலாகச் சூடாக்கிவிடும். அந்த வெதுவெதுப்பில் பூச்சிப் புழுக்கள் அசையத் தொடங்கும், சின்ன மீன்கள் வரும், அவற்றின் பின்னால் கிராப்பி வரும். இது இரைக்காக வருவதே தவிர முட்டையிடுவதற்காக அல்ல. அதற்குத் தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட வேண்டும். 2012-ல் இங்கே மார்ச் 21-லேயே பனி விலகியதும், 2018-ல் மே 5 வரை நம்மைக் காக்க வைத்ததும் உனக்கு நினைவிருக்கும்; ஆகவே நாட்காட்டியை நம்பாதே, தண்ணீரில் வெப்பமானியை விட்டுப் பார்.

காலையில் அவசரப்பட்டுக் கிளம்பாதே. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெயில் அடித்தபின், பிற்பகலில் போ. பழைய கோரைத் தண்டுகள், சாய்ந்து கிடக்கும் மரம், படகுத்துறைக் கால்கள் ஆகியவற்றை ஒட்டித் தூண்டிலைப் போடு. குளிர்காற்று திரும்பினால் மீன் குடாவை விட்டு முதல் சரிவுக்கு இறங்கும்; அதுவும் பெரும்பாலும் கரையிலிருந்து எறியும் தூரம்தான்.

நான்கு பவுண்டு தாங்கும் நரம்பும், 1/32 அவுன்ஸ் ஜிக்கும் (தலையில் எடை வைத்த சின்னத் தூண்டில் முள்) போதும். கிராப்பி மேல்நோக்கிப் பார்த்து இரையெடுப்பதால், நான்கடித் தண்ணீரில் இரை இரண்டடியில் நிற்குமாறு தக்கையைக் கட்டு. பல சமயம் தக்கை அமிழாது. நிமிர்ந்து நின்றது மெல்லச் சாய்ந்து தண்ணீரின் மேல் படுத்துவிடும், ஏனென்றால் மீன் ஜிக்கை வாயில் வைத்துக்கொண்டு மேலே எழும்பியிருக்கும். அப்போது வெட்டி இழுக்காதே. அதன் வாய் காகிதம் போல மெல்லியது, கிழிந்துவிடும். கோலை நிதானமாகத் தூக்கினால் போதும். இதெல்லாம் உனக்குத் தெரியும். பள்ளிக் காலத்திலேயே பாலத்தடிக் கால்வாயில், பல வருடம் தூண்டில் போட்ட பெரியவர்களுக்கு முன்னால் நீதான் கிராப்பியைக் கண்டுபிடித்தாய். இன்றும் அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்பவர்கள் நீ எப்படி இருக்கிறாய் என்று விசாரித்தால், அத்தையிடம் கேட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பனி விலகிய தண்ணீர் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டியே இருக்கும். அதில் விழுந்தவனுக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது, அந்தத் திணறலிலேயே தண்ணீரைக் குடித்துவிடுவான். பத்து நிமிடத்திற்குள் கைவிரல்கள் சொன்னபடி கேட்காது. ஒரு மணி நேரத்தில் நினைவு தவறும். நீச்சல் தெரியும் என்பது அங்கே உதவாது. மடித்து வைத்த ஜாக்கெட்டைத் தண்ணீருக்குள் எடுத்துப் போட்டுக்கொள்ளவும் முடியாது. கரையில் நின்றே பிடி. கயாக்கில்தான் போவேன் என்றால் ஜாக்கெட்டை மாட்டி, எல்லா வாரையும் இறுக்கிய பின் போ. எந்த ஏரி, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்பதை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ. எங்களிடம் சொல்ல மனமில்லை என்றால் அத்தையிடமாவது சொல்.

பழைய மீன்பிடி உரிமம் பிப்ரவரியோடு முடிந்துவிட்டது, புதியது எடுத்துவிட்டாயா? மாநிலம் முழுவதும் பத்து கிராப்பி வரை வைத்துக்கொள்ளலாம் என்றாலும், சில ஏரிகளில் அதைவிடக் குறைவு, பார்த்துக்கொள். மே கடைசியில் கறுத்துப்போன ஆண் மீன் அகப்பட்டால் விட்டுவிடு. கூட்டைக் காப்பது அதுதான்.

அம்மா உனக்காக மிளகாய்த்தூள் அரைத்து வைத்திருக்கிறாள், பொரிப்பதற்கு. தபாலில் அனுப்பட்டுமா, வந்து எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்கச் சொன்னாள். ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா