கொள்ளுத்தாத்தாவின் கைநாட்டைத் தேடிக் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

முடிகொண்டான் ஆற்றுப் பாசனத்தில் 1 மா சொந்தமும் 15 மா குத்தகையுமாகப் பயிர் செய்த எங்கள் கொள்ளுத்தாத்தாவின் வாழ்க்கையைத் தொகுத்து முடித்துவிட்டோம். மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். ஆக அவர் உழுதது ஐந்து ஏக்கருக்குச் சற்று மேல். குத்தகைக்காரர் பெயர் பட்டாவில் ஏறாது. அடுத்தவர் காகிதங்களில்தான் அவரைப் பொறுக்கி எடுக்க வேண்டும். அந்தக் காகிதங்களைக் காட்டிய உங்களுக்குத்தான் இந்த மடல்.

கிராம நிர்வாக அலுவலர் ஐயாவுக்கு முதல் நன்றி. இன்றைய புல எண்ணை வைத்துக்கொண்டு பழைய பத்திரம் தேடினால் ஒன்றும் அகப்படாது. 1979-இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகள் மாறிவிட்டன. கிராமத்து நில விவரம் இருக்கும் 'அ' பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கென்றே ஒரு பத்தி இருப்பதைக் காட்டியவர் நீங்கள். 1969-ஆம் வருஷச் சட்டப்படி எழுதிய குத்தகைதாரர் பதிவேட்டைத் தாலுகா அலுவலகத்தில் பார்க்கச் சொன்னவரும் நீங்களே. அதில் கொள்ளுத்தாத்தாவுக்குப் பின் பயிர் செய்த எங்கள் தாத்தாவின் பெயரும், பக்கத்திலேயே நில உரிமையாளர் பெயரும் இருந்தன. மற்ற கதவெல்லாம் அதன் பிறகுதான் திறந்தன.

ஆவண எழுத்தர் அண்ணன் இல்லையென்றால் அந்த 1 மா எங்கே என்றே தெரிந்திருக்காது. அதற்குச் சொந்தப் பத்திரம் கிடைக்கவில்லை. பக்கத்து நிலத்தின் கிரயப் பத்திரத்தில், நான்கெல்லையில் அவர் பெயர் வந்தது: 'இன்னார் நஞ்சைக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு.' விற்கிற நிலம் அவர் நிலத்துக்கு மேற்கே இருக்கிறது, அவருடையது கிழக்கே என்று பொருள். அவசரத்தில் படித்தால் திசை தலைகீழாகிவிடும். தமிழ் எண்களும் அப்படித்தான். ௨௰ என்றால் இருபது, ௰௨ என்றால் பன்னிரண்டு. இரண்டையும் ஒன்றாகப் படித்தால் எட்டு மா காணாமல் போகும்.

பண்ணை வீட்டு அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது! குத்தகைக் காகிதம் என்றாலே வழக்கு வருமோ என்று பயப்படுகிற காலத்தில், பரண் பெட்டியைக் கீழே இறக்கி வைத்தீர்கள். கணக்கெல்லாம் பசலியில், அதாவது வருவாய்க் கணக்கு வருஷத்தில் இருந்தது. பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருஷம், ஜூலை முதல் தேதியிலிருந்து. பசலி 1334 என்றால் 1924. காவிரியில் பெருவெள்ளம் வந்த வருஷம். அந்தப் பக்கத்தில் மட்டும் 'வெள்ளச் சேதம்' என்று எழுதி நெல் பாக்கி அடுத்த பசலிக்குத் தள்ளியிருக்கிறது. நெல் அளவையில் 12 மரக்கால் ஒரு கலம் என்பது சரி. ஆனால் எந்த மரக்கால் என்று பார்க்காமல் கிலோவாக்கக் கூடாது என்று எச்சரித்தீர்கள். அதனால் கலக் கணக்கை அப்படியே விட்டிருக்கிறோம்.

அதே பெட்டியில் குத்தகைச் சீட்டும் இருந்தது. அவருடைய இடது பெருவிரல் ரேகை, மசி கொஞ்சம் அப்பிப்போய், குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. மசி படாத இடம் என்றுதான் நினைத்தோம். மேலத்தெரு ஆத்தா பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "அறுப்பறுக்கையில அருவா பட்டது. தாளைப் பிடிக்கிற கையில்ல." ஆத்தா சிறுபிள்ளையாக அவர் வயலில் நாற்று முடி எடுத்துப் போட்டவர். சம்பா நாற்றங்காலுக்கு அவர் எந்த மூலையை ஒதுக்குவார் என்றுகூட வரப்பில் நின்று காட்டினார்.

இறந்த நாளைக் கணித்துக் கொடுத்த குருக்களுக்கும் நன்றி. வீட்டில் தெரிந்தது 'விகாரி வருஷம், மார்கழி வளர்பிறைப் பஞ்சமி' மட்டுமே. விகாரி அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும்: 1899, 1959, 2019. 1924 கணக்கில் ஆள் இருப்பதால் 1899 அடிபட்டுப் போயிற்று. மிச்சம் 1959 என்று எழுதப் போனோம். மார்கழி இரண்டு ஆங்கில வருஷத்தில் கால் வைக்கும், அந்தப் பஞ்சமி 1960 ஜனவரி முதல் வாரம் என்று பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டித் திருத்தினீர்கள். அப்புறம்தான் இறப்புப் பதிவேட்டில் சரியான பக்கம் கிடைத்தது. தாத்தன் பெயரையே பேரனுக்கு வைக்கும் ஊரில், தேதி இல்லாமல் தேடியிருந்தால் வேறு யாரையோ எங்கள் கொள்ளுத்தாத்தா ஆக்கியிருப்போம்.

எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஒரு கட்டு ஊர் நூலகத்தில் வைத்திருக்கிறோம். அசல்கள் அந்தந்த வீட்டிலேயே பத்திரமாக இருக்கின்றன. நான்கெல்லைகளில் வரும் மற்ற பெயர்களையும் தனியே எழுதிச் சேர்த்திருக்கிறோம். அக்கம்பக்கத்து வயல்காரர் வாரிசுகள் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கொள்ளுப் பேரன், பேத்திகள்