கண்ணுக்குத் தெரியாத வேலி காட்டெருமைக்கும் தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைவீடுகளில் நாய் வளர்ப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில், நாயைக் கழுத்துப் பட்டை மூலம் எல்லைக்குள் நிறுத்தும் ‘கண்ணுக்குத் தெரியாத வேலி’க்கான ஒயரை மண்ணுக்குள் புதைத்துவிட்டால் காம்பவுண்டுச் சுவர்ச் செலவு மிச்சம் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அதை நம்பி ஏற்காட்டில் யாரும் பணத்தைக் கொட்டிவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன். கருவி வேலை செய்யும். ஆனால் சுவருக்கு மாற்றாக அல்ல. ஏற்கெனவே இருக்கும் சுவருக்கோ கம்பிவேலிக்கோ உட்புறம், இரண்டாவது காவலாக.

மின்வேலி என்றதும் நம் பக்கம் எல்லாருக்கும் யானையையும் ஆளையும் கொல்லும் திருட்டுக் கரண்ட் வேலிதான் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாடு அரசு 2023-ல் கொண்டுவந்த மின்வேலி விதிகளும் விளைநிலங்களைச் சுற்றிப் போடும் அந்த மாதிரி வேலிகளை மனத்தில் வைத்து வந்தவை. இது வேறு. வீட்டுக்குள் ஒரு டிரான்ஸ்மிட்டர், அதிலிருந்து கிளம்பி நிலத்தைச் சுற்றி வந்து அதிலேயே முடியும் ஒயர், நாயின் கழுத்தில் ஒரு ரிசீவர் பட்டை. ஒயரில் ஓடுவது வெறும் ரேடியோ சிக்னல், தொட்டாலும் ஒன்றும் ஆகாது. நாய் எல்லையை நெருங்கினால் பட்டை முதலில் பீப் ஒலி எழுப்பும். அதையும் மீறிப் போனால் பட்டையின் உட்புறமுள்ள இரண்டு முனைகளுக்கு இடையே கழுத்துத் தோலில் சுருக்கென்று ஒரு அதிர்ச்சி. அதைத் தருவது பட்டையில் உள்ள சிறிய பேட்டரி. வீட்டு 230 வோல்ட் மின்சாரம் நாயின் பக்கமே வராது.

ஒயர் போடும்போது நடக்கும் தவறுகள்தான் அதிகம். 20 சென்ட் சதுர மனைக்குச் சுற்றளவு ஏறத்தாழ 115 மீட்டர். வளைவு, தளர்வு, வீடு வரை வரும் இணைப்பு எல்லாம் சேர்த்து 150 மீட்டராவது வாங்க வேண்டும். பெட்டியோடு வரும் மெல்லிய 20 கேஜ் ஒயர் புல்தரைக்குச் சரி. கல்லும் சில்வர் ஓக் வேரும் நிறைந்த சேர்வராயன் மண்ணுக்கு 16 அல்லது 14 கேஜ் (எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும்), தடித்த உறையோடு வேண்டும். தரைமேல் முழுதாக விரித்து, பட்டையைக் கையில் பிடித்துச் சுற்றிவந்து சோதித்த பிறகே புதைக்கலாம். சோதிக்கும்போது பட்டை நாயின் கழுத்து உயரத்தில் இருக்க வேண்டும், உங்கள் இடுப்பு உயரத்தில் அல்ல. 5 முதல் 8 செ.மீ. ஆழம் போதும். வண்டி ஏறும் இடத்திலும், காப்பிச் செடிக்கு உரக்குழி எடுக்கும் இடத்திலும் பிவிசி குழாய்க்குள் விடுங்கள். இரும்புக் குழாயில் விட்டால் சிக்னல் படுத்துவிடும்.

மூலைகளைச் செங்கோணமாக ஒடிக்காமல் ஒரு மீட்டர் ஆரத்தில் வளைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த மூலையில் சிக்னல் மெலியும். வீட்டிலிருந்து எல்லை வரை வரும் இரண்டு ஒயர்களை அடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறுக்காகப் பின்னினால் சிக்னல்கள் ஒன்றையொன்று அழித்துவிடும், நாய் அதன்மேல் தாராளமாக நடக்கலாம். இதே குணம் தவறான இடத்தில் கெடுதலாகவும் முடியும். போன ஒயரும் திரும்பும் ஒயரும் ஒன்றரை மீட்டருக்குள் நெருங்கி ஓடினால் அங்கே வேலியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டிவி கேபிள், டெலிபோன் ஒயர், மோட்டார் ரூம் லைன் பக்கத்திலேயே நீளவாக்கில் போட்டால் சிக்னல் அவற்றில் தொற்றிக்கொள்ளும். பிறகு கூடத்தில் படுத்திருக்கும் நாய்க்குக் காரணமே இல்லாமல் அதிர்ச்சி விழும். குறுக்கே தாண்டித்தான் ஆக வேண்டுமென்றால் நேர் குறுக்காகத் தாண்டுங்கள். இணைப்புகளுக்குக் கறுப்பு டேப் சுற்றுவது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. ஜெல் அடைத்த வாட்டர்ப்ரூஃப் கனெக்டர் வேண்டும். ஒயர் அறுந்து டிரான்ஸ்மிட்டர் கத்தத் தொடங்கினால், முதலில் இணைப்புகளைத்தான் சந்தேகப்பட வேண்டும். அடுத்து மண்வெட்டியை, அதற்கும் அடுத்துப் பெருச்சாளியை.

மலைச்சரிவில் இன்னொரு சங்கடம். மேட்டிலிருந்து இறங்கி ஓடிவரும் நாயால் பீப் கேட்டவுடன் நிற்க முடியாது. அதனால் சரிவின் கீழ்ப்பக்கம் ஒயரைச் சுவரிலிருந்து இன்னும் தள்ளி உள்ளே போட வேண்டும். ஒயரே இல்லாமல் வட்டமாகச் சிக்னல் பரப்பும் கருவிகள் சரிவிலும் தகரக் கூரையருகிலும் தடுமாறும். ஜிபிஎஸ் பட்டையோ அடர்ந்த மர நிழலில் பல மீட்டர் பிசகும். சேலம் நகருக்குள், ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கத்து 40-க்கு 60 அடி மனைக்கு இது எதுவுமே வேண்டாம். நாலு பக்கமும் பீப் ஒலிக்கும் ஒன்றரை மீட்டர் இடம் போக, வீட்டைக் கழித்தால் நாய்க்கு மிஞ்சுவது ஒரு திண்ணை அளவு.

இனி பயிற்சி. அரைநாளில் ஒயரைப் போட்டுவிடலாம், பயிற்சிக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். பாதிப் பேர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். பீப் தொடங்கும் கோட்டில் இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றாகச் சிறு கொடிகளை நடுங்கள். முதல் சில நாள் அதிர்ச்சியே இல்லாமல், பீப் மட்டும். நாய் கயிற்றில் இருக்க, கொடியருகே பீப் கேட்டதும் உள்ளே இழுத்துத் தின்பண்டம் கொடுங்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை போதும். தானாகத் திரும்பப் பழகிய பிறகே மிகக் குறைந்த அளவில் அதிர்ச்சி. காதை அசைத்தாலோ கழுத்தை உதறினாலோ அளவு சரி. கத்தினால் அதிகம். இரண்டாம் வாரம் கோட்டுக்கு வெளியே பந்தை உருட்டியும், ஆளை நடக்கவிட்டும் சோதியுங்கள். அதன்பின் கொடிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக எடுக்கலாம். வெளியே நடத்திக் கூட்டிப்போகும்போது பட்டையைக் கழற்றி, எப்போதும் ஒரே கேட் வழியாகத்தான் போக வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கும் சினை நாய்க்கும் வேண்டாம்.

இனத்தையும் பார்க்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் கண்ணால் கண்டதைத் துரத்தப் பிறந்தவை. முயல் ஓடினால் அதிர்ச்சியோடு அதிர்ச்சியாகப் பாய்ந்துவிடும். பிறகு துரத்தும் வேகம் தணிந்ததும், திரும்ப வர அதே அதிர்ச்சியை வாங்க வேண்டுமே என்று வெளியிலேயே நிற்கும். ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. பீப் கேட்காத நாய்க்கு எச்சரிக்கை இல்லை, நேரே தண்டனைதான். முதலில் காதைச் சோதியுங்கள், தேவையானால் அதிர்வு மட்டும் தரும் பட்டை பாருங்கள். ரோமம் குறைந்த நாய்க்குக் குட்டை முனை, லேப்ரடார், அல்சேஷனுக்கு நீள முனை. பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். கழுத்தில் வரும் புண்ணைப் பலர் கரண்ட் சுட்டது என்கிறார்கள். பெரும்பாலும் அது முனை ஒரே இடத்தில் அழுத்தியதால் வரும் புண். 12 மணி நேரத்துக்கு மேல் போடாமல், இரவில் கழற்றி, மழைக்காலத்தில் தினமும் கழுத்தைத் துடைத்துப் பார்த்தால் அது வராது.

2017-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், இந்த வகை வேலிக்குள் வளர்ந்த நாய்களில் 44 சதவீதம் ஒருமுறையேனும் தப்பியிருந்தன. சாதாரண வேலிக்குள் இருந்தவற்றில் அது 23 சதவீதம்தான். வேல்ஸ் நாட்டில் 2010 முதல் மின்பட்டைகளுக்கே தடை. அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. ஆனால் ஏற்காட்டில் பெரிய தொல்லை உள்ளிருந்து வெளியே போவதில் இல்லை, வெளியிலிருந்து உள்ளே வருவதில் இருக்கிறது. காட்டெருமைக்கும் குரங்குக்கும் தெருநாய்க்கும் பட்டை மாட்டியவர் யார்? வெறிநாய் உள்ளே நுழைந்தால் நம் நாய் ஓட இடமில்லாமல் கோட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். தோட்டத்து வேலையாட்களைப் பார்த்துக் கோட்டுக்கு ஓடி, ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி வாங்கும் நாய், நாளடைவில் வலியை அந்த ஆட்களோடு சேர்த்து வைத்துக்கொண்டு கடிக்கவும் துணியும். அதனால்தான் சுவர் முதலில் என்கிறேன். ஆண்டுதோறும் வெறிநாய்த் தடுப்பூசியும் தவறக் கூடாது.

கரண்ட் போனால் வேலியும் போகும், இன்வெர்ட்டர் லைனில் இணையுங்கள். சித்திரை, வைகாசி கோடைமழையில் இடி கேட்டால் ப்ளக்கைப் பிடுங்குவது மட்டும் போதாது. மண்ணில் ஓடும் ஒயரே மின்னலின் வீச்சை உள்ளே கொண்டுவரும். ஒயரின் இரண்டு முனைகளையும் டிரான்ஸ்மிட்டரிலிருந்து கழற்றிவிட்டு, மழை விடும்வரை நாயை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நாய்ப் பயிற்சியாளர் ஒருவர்,
நாகலூர், ஏற்காடு.