நல்ல எண்ணம்தான்: மகளுக்கு ஒரு கடிதம்

பாளையங்கோட்டை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ படித்துக் காட்டிய அந்த ஒற்றை வரி இன்றுவரை என் காதைவிட்டு இறங்கவில்லை. உன் பயிற்சி அறிக்கையில் மூத்த மருத்துவர் 'ஷி மீன்ஸ் வெல்' என்று எழுதியிருப்பதை முதலில் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு எங்களிடம் மகிழ்ச்சியோடு சொன்னாய். மறுநாள், உடன் பணிபுரியும் பெண் அதைக் கேட்டுச் சிரித்த விதம் உனக்குச் சரியாகப் படவில்லை என்றும், முப்பது ஆண்டுகள் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த நான் அதன் பொருளைச் சொல்ல வேண்டும் என்றும் செய்தி அனுப்பினாய். இரண்டு வரியில் பதில் அனுப்பியிருக்கலாம். இந்தச் சொற்களோடு நான் பட்ட பாடு இரண்டு வரியில் அடங்காது என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

முதலில் கேட்டதற்குப் பதில். அந்தச் சொற்றொடருக்கு 'அவள் நல்லதையே நினைக்கிறாள்' என்று அகராதி பார்த்துப் பொருள் எழுதினால் ஒரு சொல்லும் தவறில்லை, ஆனால் மொத்தமும் தவறு. நம் ஊரில் ஒருவரைப் பற்றி 'நல்ல மனுஷன்தான்' என்று சொல்லிவிட்டு நிறுத்துகிறோமே, அந்தத் 'தான்' செய்கிற வேலையைத்தான் ஆங்கிலத்தில் அந்தச் சொற்றொடர் செய்கிறது. 'நல்ல மனுஷன்' என்றால் பாராட்டு. 'நல்ல மனுஷன்தான்' என்றால் பின்னால் ஓர் 'ஆனால்' வாசற்படியில் காத்து நிற்கிறது என்று கேட்பவருக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அந்த ஆனாலைச் சொல்லாமலே விட்டுவிடுவது நாகரிகம். எண்ணத்துக்கு மதிப்பெண் கொடுத்துவிட்டால், செயலுக்குக் கொடுக்கவில்லை என்பது தானாக விளங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு.

அந்தச் சொற்றொடரின் நடுவில் இருக்கும் வினைச்சொல்லைத் தமிழில் எழுதினால் 'மீன்' என்று வரும். உன் அம்மா படித்தால் குழம்புக்குப் புளி கரைக்கப் போய்விடுவாள். ஆங்கிலத்திலும் அது ஒரே சொல் இல்லை. எண்ணுதல், பொருள்படுதல் என்ற இரண்டையும் தருவது பழைய ஆங்கிலத்தின் ஒரு வினை. கஞ்சத்தனம், இழிகுணம் என்று சொல்வதற்குப் பயன்படும் 'மீன்' வேறொரு பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு முதலில் பலருக்கும் பொதுவானது என்றுதான் பொருள் இருந்தது, பொதுவானது மெல்ல மட்டமானது ஆகிவிட்டது. நீ கணக்கிடும் சராசரியான 'மீன்' பிரெஞ்சு வழியாக வந்த, நடு என்று பொருள்படும் லத்தீன் சொல். வழிவகை, பணவசதி என்னும் 'மீன்ஸ்' இந்த நடுவிலிருந்து கிளைத்தது. காரியத்துக்கும் நமக்கும் நடுவில் நிற்பதுதானே கருவி. இப்படி மூன்று குடும்பத்துப் பிள்ளைகள் ஒரே முகத்தோடு ஒரே பள்ளியில் படிக்கிறார்கள்.

நம் 'பொருள்' இதற்கு நேர் எதிர். அது ஒரே வேர், ஆனால் கிளைகள் அத்தனை திசையிலும் போயிருக்கின்றன. சொல்லின் அர்த்தமும் பொருள்தான், கைப்பணமும் பொருள்தான், மேசைமேல் இருக்கும் பண்டமும் பொருள்தான். 'இதன் பொருட்டு வந்தேன்' என்றால் நோக்கம். 'என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை' என்றால் முக்கியத்துவம். 'பொருளல் லவரைப் பொருளாகச் செய்யும் பொருளல்லது இல்லை பொருள்' என்று வள்ளுவர் ஏழே சீரில் அந்தச் சொல்லை நான்கு முறை போட்டு, மதிப்புக்கும் பணத்துக்கும் நடுவே பந்துபோல் உருட்டுகிறார். பள்ளியில் நீ மனப்பாடம் செய்தபோது இதில் என்ன இருக்கிறது என்று கேட்டாய். இதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லை வைத்துச் சொல்லிப் பார், அப்போது தெரியும்.

முக்கியத்துவத்தைச் சொல்ல ஆங்கிலம் பெரும்பாலும் சுமையையும் அசைவையும் கடன் வாங்குகிறது. துறைமுகத்தில் சரக்கு இறக்குவதற்குச் சொல்கிற 'இம்போர்ட்' என்ற அதே சொல் ஒரு வாக்கியத்தின் உட்பொருளையும் குறிக்கும். உள்ளே கொண்டுவருதல் என்ற லத்தீன் வினையிலிருந்துதான் 'இம்பார்ட்டன்ட்' என்ற சொல்லும் வந்தது. 'மோமென்ட்' என்றால் கணம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதன் மூலமான லத்தீன் சொல்லுக்கு அசைவு என்றும், தராசுத் தட்டைச் சாய்க்கும் சிறு எடை என்றும் பொருள். அதனால்தான் 'மோமென்டரி' என்றால் கணநேரத்தில் மறைவது, 'மோமென்டஸ்' என்றால் பெரும் முக்கியத்துவம் கொண்டது என்று ஒரே வேரில் இரண்டு வேறு பொருள்கள் முளைத்தன. நம் 'முக்கியம்' வடமொழியில் முகத்திலிருந்து வந்தது, 'தலையாய' என்பது தலையிலிருந்து. அவர்கள் எடை போட்டுப் பார்க்கிறார்கள், நாம் யார் முன்னால் நிற்கிறார் என்று பார்க்கிறோம்.

'இம்போர்ட்'டுக்கு 'பர்ப்போர்ட்' என்று ஓர் உறவுக்காரர் உண்டு. 2024 ஜூலைவரை நடப்பில் இருந்த 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 90ஆவது பிரிவு, முப்பது ஆண்டு பழமையானது என்று 'பர்ப்போர்ட்' செய்யும் ஆவணத்தைப் பற்றிப் பேசியது. செய்தித்தாள் ஆங்கிலத்தில் அந்தச் சொல் வந்தால் 'அப்படிச் சொல்லிக்கொள்கிறது, நமக்கு நம்பிக்கை இல்லை' என்ற நக்கல் தொனிக்கும். சட்டத்தில் அந்த நக்கல் கிடையாது. ஆவணம் தன் முகத்தில் எதைக் காட்டுகிறதோ அதை மட்டும் அந்தச் சொல் குறிக்கும். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு பழைய கிரயப் பத்திரத்தைப் பற்றிய ஆணையில் அதை 'எனக் கூறிக்கொள்ளும்' என்று தமிழாக்கினேன். பத்திரத்தின் சொந்தக்காரர், நீதிபதியே தன் பத்திரத்தைப் போலி என்று சந்தேகப்படுகிறார் என்று எண்ணி வழக்கறிஞரிடம் அழுதுவிட்டார். பிறகு 'எனத் தோற்றமளிக்கும்' என்று மாற்றினோம். அதுவும் முழுமையாகச் சரியில்லை என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

உன் துறைக்கு வருகிறேன். நீ படிக்கும் ஆய்வுக் கட்டுரைகளில் 'சிக்னிஃபிகன்ட்' என்று வருவதைக் கண்டு முக்கியமானது என்று நம்புகிறவர்கள் மருத்துவர்களிலேயே உண்டு என்று நீதான் ஒருமுறை சொன்னாய். அடையாளம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்த அது, ஏதோ ஒன்றைக் காட்டிக்கொடுக்கிறது என்பதைத் தவிர ஆரம்பத்தில் வேறெதையும் சொல்லவில்லை. புள்ளியியல் அறிஞர் ரொனால்டு ஃபிஷர் 1925இல் வெளியிட்ட நூலின் வழியாக 5 விழுக்காடு என்ற எல்லை ஆய்வாளர்களிடையே வேரூன்றியது. தற்செயலாக மட்டுமே இப்படி ஒரு முடிவு வருவது அரிது என்பதற்கான குறி அது. நோயாளிக்கு அந்த மருந்தால் எவ்வளவு பயன் என்ற கேள்வியை அது தொடவே இல்லை. 2016இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் இதையே அறிக்கையாக வெளியிட வேண்டியிருந்தது என்றால், ஒரு சொல்லின் அன்றாடப் பொருள் அதன் துறைப்பொருளை எவ்வளவு ஆழமாக விழுங்கியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பார். இரத்த அழுத்தத்தை ஒரு புள்ளி குறைக்கும் மருந்தும், போதுமான ஆட்களைச் சேர்த்துச் சோதித்தால் 'சிக்னிஃபிகன்ட்' ஆகிவிடும்.

இன்னொன்றும் நீ முன்பு கேட்டிருந்தாய், அப்போது பதில் எழுதவில்லை. தையல் போட்டு விளிம்புகளைச் சேர்த்த காயம் முதல் 'இன்டென்ஷ'னில் ஆறுகிறது, திறந்தே விட்டு அடியிலிருந்து சதை வளர்ந்து மூடும் காயம் இரண்டாம் 'இன்டென்ஷ'னில் ஆறுகிறது என்று எழுதுகிறார்களே, காயத்துக்கு ஏதப்பா எண்ணம் என்றாய். எண்ணம் காயத்துடையது அன்று, வைத்தியருடையது. பழைய மருத்துவத்தில் சிகிச்சையில் வைத்தியர் கொள்ளும் குறிக்கோளுக்கே அந்தப் பெயர் இருந்தது. வைத்தியரின் குறிக்கோள் வழக்கொழிந்து போக, சொல் மட்டும் காயத்தோடு ஒட்டிக்கொண்டது. அதன் வேர் லத்தீனில் இழுத்து நீட்டுதல். வில்லின் நாணை இழுப்பதற்கும் அதே வினைதான். ஆகவே ஆங்கிலத்தில் ஒருவர் எண்ணம் கொள்கிறார் என்றால், சொல்லின் அடியில் ஒரு வில் வளைந்து நிற்கிறது.

தமிழில் அப்படி இல்லை, இதுதான் என்னை முப்பது ஆண்டுகள் தூங்கவிடாத இடம். நாம் எண்ணத்தைப் பேச்சாகவே வைத்திருக்கிறோம். 'போகலாம் என்று இருக்கிறேன்' என்கிறோம். 'வேண்டுமென்றே செய்தான்' என்கிறோம், அதாவது வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே செய்தான். வாயால் சொன்னதற்கும் மனத்துக்குள் சொல்லிக்கொண்டதற்கும் ஒரே 'என்று' போதும் நமக்கு. ஒரு கொலை வழக்கில் சாட்சி 'வெட்டுவேன்னு வந்தான்' என்று சொல்லியிருந்ததை, மேல்முறையீட்டுக்காக ஆங்கிலமாக்கும்போது, வெட்டும் எண்ணத்தோடு வந்தான் என்று எழுதிவிட்டேன். என் மேலதிகாரி சிவப்பு மையால் அதை அடித்துவிட்டு, 'வாயால் சொன்னானா, நீர் அவன் மனசுக்குள் போய்ப் பார்த்தீரா?' என்று கேட்டார். சொல்லிக்கொண்டு வந்தான் என்றால் சாட்சி தன் காதால் கேட்டது. எண்ணத்தோடு வந்தான் என்றால் அது சாட்சியின் ஊகம், அதை முடிவு செய்ய வேண்டியவர் நீதிபதி. ஒரு மனிதனின் கழுத்து அந்த 'என்று'வில் தொங்கியது. அவர் திட்டியது நியாயம்தான் என்று எனக்கு அன்றே தெரிந்தது, பிடிக்கத்தான் இல்லை.

சட்டம் இதில் எவ்வளவு கறாரானது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். சிந்து நதிக் கரையில் நாணல் அறுத்துப் படகில் ஏற்றி வந்தவர்களுக்கும் கரை நிலத்தாருக்கும் தகராறு. உறவினரின் கூக்குரல் கேட்டுத் துப்பாக்கிகளோடு இருவர் ஓடிவந்தார்கள்; ஒருவன் சுட்டதில் ஓர் ஆள் இறந்தார், மற்றவனான மெஹபூப் ஷா சுட்டதில் இன்னொருவர் காயத்தோடு தப்பினார். இருவரும் பொது எண்ணத்தோடு செய்தார்கள் என்று தண்டனைச் சட்டத்தின் 34ஆவது பிரிவைச் சேர்த்து, காயப்படுத்தியவனையும் கொலைக் குற்றவாளி ஆக்கியது கீழே இருந்த நீதிமன்றம். அன்று நமக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1945இல் அதை ஏற்கவில்லை. இருவருக்கும் ஒரே மாதிரியான எண்ணம் இருந்திருக்கலாம், உறவினரைக் காப்பாற்ற வேண்டும் என்று இருவருமே தனித்தனியாக நினைத்திருக்கலாம். ஆனால் ஒரே மாதிரியான எண்ணம் பொது எண்ணம் ஆகாது, முன்கூட்டியே சேர்ந்து வகுத்தது என்று காட்ட வேண்டும் என்றது. தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் வந்த பிறகும் இந்த வேறுபாடு அப்படியே இருக்கிறது.

உன் அறிக்கைக்கே திரும்புகிறேன். பால் கிரைஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் 1957இல் எழுதிய கட்டுரையில், இதே 'மீன்' என்ற வினையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். உடம்பில் தோன்றும் புள்ளிகள் தட்டம்மை என்று பொருள்படும், பேருந்தில் மூன்று முறை மணி அடித்தால் இடமில்லை என்று பொருள்படும். புள்ளிகளுக்குப் பின்னால் யாருடைய எண்ணமும் இல்லை. மணிக்குப் பின்னால் நடத்துநர் இருக்கிறார், அவர் தவறாகவும் அடித்திருக்கலாம். மருத்துவரான உனக்குப் புள்ளிகளைப் படிப்பது பழக்கமாகிவிட்டதால், அந்த வரியையும் புள்ளியைப் போலப் படித்துவிட்டு, நோய் என்ன என்று இரவெல்லாம் யோசிக்கிறாய். அது மணி, மகளே. அடித்தவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார். எந்த நோயாளி விஷயத்தில், எந்த நாளில், நான் செய்தது எங்கே குறைந்தது என்று அவரிடமே நேரில் கேள். நான் மேலே எழுதிய 'ஆனால்' அவர் மனத்தில் இருந்ததா, அல்லது அவர் உண்மையிலேயே பாராட்டத்தான் நினைத்தாரா என்பதை நான் இங்கே இருந்து சொன்னால், அந்தச் சாட்சியின் மனத்துக்குள் போய்ப் பார்த்த கதைதான்.

ஒன்று மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. அந்தச் சொற்றொடர் பாராட்டும் ஒரே விஷயம் யாருக்கும் கண்ணில் தெரியாத ஒன்று. சட்டத்துக்கு எண்ணத்தை நிரூபிக்கச் சாட்சி வேண்டும், உன் மூத்தவருக்கு மட்டும் வேண்டாம்போலும்.

பக்கத்தில் நின்று உன் அம்மா கேட்கிறாள், எப்போது ஊருக்கு வருவதாக உத்தேசம் என்று எழுதச் சொல் என்கிறாள். அந்தச் சொல்லையும் கவனி. உத்தேசம் என்றால் எண்ணம். உத்தேசமாக என்றால் ஏறக்குறைய. சென்ற வருடம் நீ எழுதிய உத்தேசம் இரண்டாவது வகையாக முடிந்தது. இந்த முறை தேதியை எழுது. மாம்பழம் ஜூன் கடைசிவரைதான் தாங்கும்.

அன்புடன்,
அப்பா