குருசடித் திருப்பணி நிறைவு: பங்கு மக்களுக்குக் குழுவின் அறிக்கை

அன்புள்ள பங்கு மக்களுக்கு, இயேசுவுக்கே புகழ்.

கடந்த ஜனவரி 14, கிறிஸ்தவரானதை விட்டுக்கொடுக்காததற்காகப் பதினெட்டாம் நூற்றாண்டில் கொல்லப்பட்ட புனித தேவசகாயத்தின் திருநாளன்று, அவர் பெயரால் நிற்கும் நம் குருசடி, அதாவது நம் சிறு செபக்கூடம், புதுப்பித்து மந்திரிக்கப்பட்டது (ஆசீர்வதிக்கப்பட்டது). எல்லோரும் வந்து கண்ணாலேயே பார்த்துவிட்டீர்கள். ஆனாலும் வேலை எப்படி நடந்தது, எந்த முடிவை எதற்காக எடுத்தோம் என்று சொல்வது எங்கள் கடமை. அன்பியம் என்னும் நம் தெருக் குழுக்களின் கூட்டங்களில் வந்த கேள்விகளுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

கட்டட வேலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூரையைப் பிரித்தபோது பனைமரச் சட்டங்களான பனங்கைகளில் பாதி கறையான் அரித்து, கை வைத்ததும் பொடியாக உதிர்ந்தன. ஆஞ்சிலி மரம் போட்டு ஓடு மாற்றினோம். வடகிழக்குப் பருவமழையில் மூன்று வாரம் வேலை நின்றது. கையாள் வேலைக்குக் கூலி என்று ஒரு பைசா ஆகவில்லை. ரப்பர் பால் வெட்டி முடித்து, அந்தக் கையோடு வந்து மண் சுமந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

அப்புறம் வேப்பமரம். அதன் வேர் வடக்குச் சுவரை நெம்பியிருந்தது. மரத்தை வெட்டினால் வேலை சுளுவாக முடியும் என்று சிலர் சொன்னார்கள். பெருவிளையில் தேவசகாயத்தை ஒரு வேப்பமரத்தில்தான் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். வெயிலும் மழையும் அவர் உடம்பின் மேலேயே விழுந்தன. பட்டுப்போயிருந்த அந்த மரம் அவரைக் கட்டிய பிறகு தளிர்த்தது என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவர் பெயரால் நிற்கும் குருசடிக்காக ஒரு வேம்பை வெட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. சுவரை இரண்டடி உள்ளே தள்ளிக் கட்டினோம். ஒரு பெஞ்சுக்கு இடம் குறைந்தது இதனால்தான்.

அதிகம் விவாதித்தது முகப்புச் சிற்பத்தைப் பற்றித்தான். காற்றாடிமலையில் அவரைச் சுடும் காட்சியைச் செதுக்கலாம் என்றே முதலில் நினைத்தோம். ஒரு சனிக்கிழமை எல்லோருமாக ஆரல்வாய்மொழிக்குப் போய் மலையேறினோம். மணியடிச்சான் பாறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போதுதான் எண்ணம் மாறியது. 1749 பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசால் கைதானவர் 1752 ஜனவரி 14 அன்றுதான் சுடப்பட்டார். நடுவில் ஏறக்குறைய மூன்று வருடம். அடியும் சிறையும் மட்டுமல்ல, காயங்களில் மிளகாய்ப் பொடி வேறு தடவினார்கள். "பழைய மதத்துக்கே திரும்புகிறேன்" என்று என்றைக்குச் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பார்கள். வடக்கன்குளத்தில் 1745-ல் ஞானஸ்நானம் பெற்றபோது சொன்ன சம்மதத்தை அவர் அத்தனை நாளும் காலையில் எழுந்து திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது.

அதனால் எருமைக் காட்சியைத் தேர்ந்தெடுத்தோம். பத்மநாபபுரம் அரண்மனையில் அதிகாரியாக இருந்த மனிதரை எருமை மேல் பின்புறம் பார்க்க உட்கார வைத்து, ஊர் ஊராகக் கூட்டிப்போனார்கள். "புனிதரை எருமை மேலா காட்டுவது? மரியாதைக் குறைவு இல்லையா?" என்று பெரியவர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த வேதசாட்சி என்றால் குண்டடி பட்டவர் என்று மட்டும் நம் பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. தெரிந்த முகங்களெல்லாம் தெருவில் நின்று சிரிக்கும்போது தலைகுனியாமல் இருப்பதும் சாட்சியம்தான். நம் பிள்ளைகளுக்கு வாழ்க்கையில் வரப்போகும் சோதனையும் பெரும்பாலும் இந்த மாதிரிதான் இருக்கும்.

கல்லைச் செதுக்கியவர்கள் மயிலாடிச் சிற்பிகள். சங்கிலியின் வளையங்களை ஒரே கல்லிலேயே குடைந்து தனித்தனியாக எடுத்திருக்கிறார்கள். மந்திரிப்பு முடிந்ததும் ஒரு குழந்தை அந்த வளையத்துக்குள் விரலை விட்டு, எடுக்கத் தெரியாமல் முழித்தது. அம்மா எண்ணெய் தடவி மெதுவாக உருவினார். சிற்பத்தைத் தொடக் கூடாது என்று பலகை வைக்கச் சொன்னவர்கள் உண்டு. வைக்கப்போவதில்லை.

பெயர்க் கல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அவருக்கு அருளாளர் பட்டம் கிடைத்ததை ஒட்டி நாம் வைத்த கல்லில் 'தேவசகாயம் பிள்ளை' என்று இருந்தது. 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, தேவசகாயம் என்று அழைக்கப்படும் லாசர் என்றுதான் சொன்னார். 'பிள்ளை' என்ற சாதிப்பெயர் இல்லை. எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியதும் அவர் மேல் பகை மூளக் காரணமாக இருந்தது. அப்படிப்பட்டவர் பெயரோடு எதைச் சேர்ப்பது என்று நாம் யோசிக்கவே வேண்டியதில்லை. புதிய கல்லில் 'புனித தேவசகாயம்' என்று மட்டும் இருக்கிறது. பழைய கல்லை உடைக்கவில்லை, உள்சுவரில் பதித்திருக்கிறோம்.

வரவு செலவுக் கணக்கு முழுவதும் ஆலய அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. கடன் எதுவும் இல்லை. மீதிப் பணத்தைக் கோட்டாறு பேராலயத்தில் அவர் கல்லறைக்குப் போகும் பங்குத் திருப்பயணத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம். வயதானவர்கள் முதலில் பெயர் கொடுங்கள், வேனில் அவர்களுக்குத்தான் முதல் இடம்.

குருசடிச் சாவி உபதேசியார் வீட்டில் இருக்கும். கல்விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் முறையை அன்பிய வாரியாகப் பிரித்திருக்கிறோம். இந்த வாரம் மேலத்தெரு அன்பியம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்